துவக்குக் கட்டையில் விழுந்த விரிசலைச் செப்பனிடுதல்: மலையகத்தில் இவ்வேலையைப் புதிதாகத் தொடங்குவோருக்கு

வெலிமடையிலும் நுவரெலியாவிலும் உருளைக்கிழங்கும் லீக்ஸும் பயிரிடுவோர் காட்டுப் பன்றிக்காக அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருக்கும் துவக்குகளில் பல, இன்று அவற்றை வைத்திருப்பவரை விட வயதில் மூத்தவை. அத்தகைய துவக்கில் இரும்பு தேய்வதற்கு வெகுகாலம் முன்பே மரம் வெடித்துவிடுகிறது. இரும்பு முடிந்து மரம் தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், மேற்புறத்தில், மயிரிழை போல ஒரு கோடு தோன்றுகிறது. ஒரு பருவம் கழித்துப் பார்த்தால் அது இரண்டு விரல் நீளம் வளர்ந்திருக்கிறது. பெரும்பாலானோர் அந்தக் கோட்டின் மேல் பசையைத் தடவி, துடைத்து, வார்னிஷ் பூசி விடுகிறார்கள். அடுத்த பன்றிப் பருவத்தில் அதே கோடு அதே இடத்தில் மீண்டும் திறக்கிறது. விரிசலின் வாயைப் பசை மூடியதே தவிர, அதைத் திறந்த விசை கட்டைக்குள் அப்படியே இருந்ததே அதற்குக் காரணம். ஆகவே இந்தக் கட்டுரையில் பசை பிசைவதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வேலையின் எல்லையை முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கே பேசப்படுவது மரவேலை மட்டுமே. குழல், விசைவில், பூட்டு ஆகிய இரும்புப் பாகங்கள் எதையும் திருத்துவதோ மாற்றுவதோ புதிதாகச் செய்வதோ வீட்டு மேசைக்குரிய வேலை அல்ல. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ்த் துவக்கு வைத்திருப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். கட்டையைக் கழற்றுவதற்கு முன்னர் அனுமதிப்பத்திரம் வழங்கிய மாவட்டச் செயலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கட்டையைக் கழற்றித் தருவதையும் வேலை முடிந்தபின் மீண்டும் பூட்டுவதையும் உரிமம் பெற்ற துவக்குத் திருத்துநர் ஒருவரிடமே விடுங்கள். இடைப்பட்ட நாட்களில் இரும்புப் பகுதி அவரிடமோ பூட்டிய பெட்டியிலோ இருக்கட்டும், மேசைக்கு வருவது மரம் மட்டுமாக இருக்கட்டும். தோட்டப்புறங்களில் இரகசியமாகச் செய்யப்படும் கட்டுத்துவக்குகளுக்கும் பொறித்துவக்குகளுக்கும் இந்தக் கட்டுரையில் எந்த உதவியும் கிடையாது. அவை சட்டத்துக்குப் புறம்பானவை என்பதோடு, காட்டுப் பாதையில் விறகுக்குப் போனவரின் காலையும் பறிப்பவை.

சில பெயர்களை ஒத்துக்கொள்வோம். தோளில் வைக்கும் மரம் முழுவதையும் கட்டை என்கிறேன். குழலையும் பூட்டையும் தாங்கும் இரும்புப் பெட்டி வந்து பொருந்தும் முன்முனை கட்டையின் தலை. கை சுற்றிப் பிடிக்கும் ஒடுங்கிய இடம் கழுத்து. இரும்புப் பெட்டியிலிருந்து கழுத்தின் மேற்புறத்தில் நீண்டு பதிந்திருக்கும் நாக்குப் போன்ற தகடு வால் தகடு. தோளில் படும் முனை அடி. மரத்தின் நார்கள் ஓடும் திசையை நாரோட்டம் என்போம்.

விரிசல் எங்கிருந்து வருகிறது

பன்னிரண்டாம் இலக்கத் தோட்டா ஒன்றில் ஏறத்தாழ 32 கிராம் ஈயக் குண்டுகள் இருக்கின்றன. அவை குழலிலிருந்து வினாடிக்குச் சுமார் 400 மீற்றர் வேகத்தில் முன்னே போகும்போது, மூன்று கிலோகிராம் எடையுள்ள துவக்கு வினாடிக்குச் சுமார் ஐந்து மீற்றர் வேகத்தில் பின்னே வர முயல்கிறது. பின்னே வருவது முதலில் இரும்பு; அது மரத்தைத் தள்ள, மரம் தோளைத் தள்ளுகிறது. கட்டையின் தலை முழு முகத்தோடும் இரும்பைத் தாங்கினால் இந்த உதை பரவிப் போய்விடும். தலை தேய்ந்தோ, திருகாணி தளர்ந்தோ இரும்புக்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய இடைவெளி விழுந்துவிட்டால், ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு அந்த இடைவெளியைக் கடந்து வந்து மரத்தைச் சுத்தியலால் அடிப்பது போல அடிக்கும். அதைவிட மோசமானது வால் தகட்டின் பின்நுனி மரத்தில் முட்டிக்கொண்டிருப்பது. விறகு பிளப்பவர் ஆப்பை நாரோட்டத்தின் வழியே வைத்துத்தான் அடிப்பார். வால் தகடும் நாரோட்டத்தின் வழியே நிற்கும் ஒரு ஆப்புத்தான். நான் பார்த்த கழுத்து விரிசல்களில் பெரும்பாலானவை வால் தகட்டின் நுனியிலிருந்தே கிளம்பியிருந்தன.

இரண்டாவது காரணம் எண்ணெய். துவக்கைத் துடைத்து, இரும்புக்கு எண்ணெய் தாராளமாக விட்டு, குழல் மேலே பார்க்க மூலையில் சாத்தி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். எண்ணெய் மெல்ல இறங்கிக் கட்டையின் தலைக்குள் ஊறுகிறது. இருபது, முப்பது ஆண்டுகள் இப்படி ஊறிய மரம் கறுத்து, மிருதுவாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் நிலைக்கு வருகிறது. அப்படிப்பட்ட மரம் உதையைத் தாங்காது, பசையையும் ஏற்காது.

மூன்றாவது காரணம் நம் மலைகளுக்கே உரியது. மரம் ஈரத்தைக் குடித்தால் நாரோட்டத்துக்குக் குறுக்கே பருக்கிறது, உலர்ந்தால் சுருங்குகிறது. நீளவாக்கில் அதன் மாற்றம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சிறியது. ஹற்றன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் துணிகூடக் காயாது. அதே மாதங்களில் மலைக்கு மறுபக்கம் பதுளையிலும் பண்டாரவளையிலும் வறண்ட காற்று வீசும். மழைப்பக்கத்து வீட்டில் பல வருடம் கிடந்த துவக்கு, மகளைக் கட்டிக்கொடுத்த ஊவாப் பக்கத்து வீட்டுக்குப் போனால், ஒரே பருவத்தில் திருகாணி தளர்வதும் கட்டை வெடிப்பதும் வியப்பல்ல. அடுப்புக்கு மேல் பரணில் துவக்கைக் கிடத்தி வைக்கும் பழக்கமும் இதே கேட்டைச் செய்கிறது: அடுப்பெரியும்போது மரம் உலர்கிறது, அணைந்த இரவில் ஈரம் குடிக்கிறது, ஆண்டு முழுவதும் இப்படி இழுபடுகிறது.

விரிசலைப் படித்தல்

கட்டை தனியே கைக்கு வந்ததும் நல்ல வெளிச்சத்தில், வெயில் சரிந்து விழும் யன்னலோரத்தில் வைத்துப் பாருங்கள். விரிசல் உள்ள பகுதியை மெதிலேற்றட் ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு முறை துடையுங்கள். மேற்பரப்பு சில வினாடிகளில் உலர்ந்துவிடும். விரிசலுக்குள் இறங்கிய ஸ்பிரிட் பிந்தியே உலருவதால், கண்ணுக்குத் தெரியாதிருந்த முனைகளும் ஈரக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் இரு முனைகளிலும் பென்சிலால் அடையாளமிடுங்கள். பின்னர் தலையின் உட்புறத்தையும், இரும்பு பதியும் பள்ளங்களையும் இதே முறையில் துடையுங்கள். வெளியே இரண்டு சென்ரிமீற்றர் தெரியும் விரிசல் உள்ளே ஐந்து சென்ரிமீற்றர் ஓடியிருப்பது சாதாரணம்.

அடுத்ததாகக் கட்டையை இரு கைகளாலும் பிடித்து மிக மெதுவாக முறுக்கிப் பாருங்கள். கோடு திறந்து மூடுகிறதா, ஒரு பக்கம் மட்டுமா, மறுபக்கத்திலும் அசைவு தெரிகிறதா என்று கவனியுங்கள். முறுக்கும்போது ஒருவிதமான முனகல் கேட்டால் விரிசல் நீங்கள் நினைத்ததை விட ஆழமானது.

இந்தச் சோதனையின் முடிவில் சில கட்டைகளை நேர்மையாகக் கைவிட வேண்டியிருக்கும். கழுத்து குறுக்காக முறிந்து இரண்டாகிவிட்டது, தலை முழுவதும் எண்ணெயில் ஊறி உதிர்கிறது, ஏற்கெனவே இரண்டு மூன்று முறை ஆணியும் கம்பியும் அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது என்றால், புதிய கட்டை செய்விப்பதே சரி. முகத்துக்கு அருகில் வைத்து வெடிக்க வைக்கும் பொருள் இது. நாற்காலிக் கால் அல்ல. நாரோட்டத்தின் வழியே ஓடும், ஒரு பக்கத்தில் மட்டும் திறக்கும், பத்துச் சென்ரிமீற்றருக்குள் அடங்கும் விரிசலே புதியவர் கைவைக்கத் தகுந்தது.

மரம் எதுவென்றும் அறிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய துவக்குகளில் பெரும்பாலும் வால்நட் மரமே இருக்கும். காப்பித் தூள் நிறத்தில் கரும் வரிகளோடு தெரியும். உள்ளூரில் மாற்றிய கட்டைகளில் பலாவையும் மகோகனியையும் தேக்கையும் காணலாம். பலா புதிதாகச் சீவினால் மஞ்சளாகவும் நாட்பட்டால் கபில நிறமாகவும் இருக்கும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு; அதனால் பசை ஒட்டும் முகத்தை அசற்றோனால் துடைத்து, அது ஆவியானதும் தாமதமின்றி ஒட்ட வேண்டும். சபுக்கு மரத்தில் செய்த கட்டை ஒன்றையும் ஒருமுறை கண்டேன். தேயிலைக்கு நிழல் தருவதற்கு அது நல்ல மரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தேவையானவை

இரண்டு குழாய்களில் வரும் அரல்டைட் போன்ற எபொக்சிப் பசை வேண்டும். அதில் மெதுவாக இறுகும் வகையை வாங்குங்கள். ஐந்து நிமிட வகை ஆழ்ந்த விரிசலுக்குள் இறங்குவதற்கு முன்பே தடித்துவிடும். மரத் தளபாடங்களுக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசை சுத்தமான புதிய முறிவில் நன்றாகவே பிடிக்கும், ஆனால் எண்ணெய் பட்ட பழைய விரிசலிலும் இடைவெளி உள்ள விரிசலிலும் அதை நம்ப முடியாது. சுப்பர் குளூ வகைகள் மயிரிழை விரிசலுக்குள் ஓடி இறங்கும் என்பது உண்மையே. ஆயினும் அவை இறுகிய பின் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை உடையவை, உதையைத் திரும்பத் திரும்ப வாங்கும் கழுத்துக்கு ஏற்றவை அல்ல. என் முதல் திருத்தத்தில் நான் அதைத்தான் ஊற்றினேன். மூன்றாவது தோட்டாவில் கட்டை திறந்தது மட்டுமன்றி, இறுகிப்போன அந்தப் பசையைச் சுரண்டி எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

இவற்றோடு அசற்றோன், வெண்கட்டித் தூள், பழைய பற்றூரிகை, மறைப்பு நாடா, கையுறை, பல் இடுக்கில் விடும் மெழுகு நூல், 180, 240, 320 இலக்கச் சாண்ட்பேப்பர், லின்சீட் ஒயில் என்பனவும், சைக்கிள் கடையில் சும்மா கிடக்கும் பழைய டியூப் ஒன்றும் வேண்டும். டியூபை இரண்டு விரல் அகலத்தில் நீளமான பட்டியாக வெட்டி வையுங்கள். இந்த வேலையில் அதைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை.

எண்ணெயை வெளியே இழுத்தல்

முழு வேலையிலும் பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுதான், அவசரப்படுவோர் தோற்கும் கட்டமும் இதுதான். வெண்கட்டித் தூளை அசற்றோனில் குழைத்துத் தோசை மாப் பதத்துக்குக் கொண்டுவந்து, விரிசலின் மேலும் தலையின் உட்புறத்திலும் அரை சென்ரிமீற்றர் தடிப்பில் பூசுங்கள். அசற்றோன் மரத்துக்குள் இறங்கி எண்ணெயைக் கரைக்கும். பின்னர் அது மேற்பரப்பு வழியாக ஆவியாகும்போது எண்ணெயைத் தன்னோடு இழுத்து வந்து தூளில் விட்டுச்செல்லும். வெள்ளையாகப் பூசியது உலரும்போது மஞ்சளாகவோ கபிலமாகவோ மாறியிருக்கும். காய்ந்ததும் பற்றூரிகையால் தட்டி உதிர்த்துவிட்டு மறுபடி பூசுங்கள். தூள் வெள்ளையாகவே உதிரும் வரை இதைத் தொடர வேண்டும். நான்கு முறையில் முடிந்ததும் உண்டு, பத்து முறையைத் தாண்டியதும் உண்டு. வெண்கட்டித் தூள் இல்லையென்று வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துவிடாதீர்கள்: அது காரமுள்ளது, மரத்தின் நிறத்தைக் கெடுப்பதோடு கையையும் பொக்குளமாக்கும்.

அசற்றோன் ஆவி தீப்பொறியைத் தேடிப் போய்ப் பற்றக்கூடியது. லயன் காம்பராவில் அடுப்பும் படுக்கையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் என்பதை நான் அறிவேன். ஆகவே இந்த வேலையை முற்றத்திலோ திறந்த இஸ்தோப்பிலோ செய்யுங்கள். அடுப்பு, குப்பி விளக்கு, சாமி விளக்கு எதுவும் அருகில் எரியக் கூடாது. இந்தப் பூச்சுகள் பழைய வார்னிஷையும் கரைத்துவிடும். அதற்காக வருந்த வேண்டாம், எப்படியும் கட்டைக்குப் புதிய எண்ணெய் பூசப் போகிறோம்.

கடைசிப் பூச்சு உதிர்ந்தபின் கட்டையை வீட்டுக்குள், அடுப்புக்குத் தொலைவில், இரண்டு நாள் கிடத்தி வையுங்கள். ஒட்டும் நாளில் மரத்தில் அசற்றோனும் இருக்கக் கூடாது, மழையீரமும் இருக்கக் கூடாது. மழைப்பக்கத்தில் வசிப்பவர் இந்த வேலையை ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்துக்கு ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனம். டிசம்பர், ஜனவரியில் வடகீழ் மழை பெறும் பதுளைப் பக்கத்தவருக்கு ஜூன், ஜூலை வசதியானது.

ஒட்டுதல்

முதலில் பசையில்லாமல் ஒத்திகை பாருங்கள். ரப்பர் பட்டியைக் கழுத்தில் இழுத்துச் சுற்றி, விரிசல் முழுதாக மூடுகிறதா என்று கவனியுங்கள். மூடவில்லையென்றால் உள்ளே பழைய பசையோ மரச்சிம்போ தூசியோ சிக்கியிருக்கிறது. அதை எடுக்காமல் ஒட்டினால் இரண்டு கரைகளும் நிரந்தரமாகத் தள்ளியே நிற்கும். ஒத்திகையை இரண்டு முறை செய்யுங்கள். பசை தடவிய கையோடு ரப்பர் பட்டியின் முனையைத் தேடுவது இனிய அனுபவம் அல்ல.

ஒத்திகை சரியென்றால், விரிசலின் இரு ஓரங்களிலும் மறைப்பு நாடாவை ஒட்டுங்கள். கழுத்தில் செதுக்கிய குறுக்குக் கோட்டு வேலைப்பாடு இருந்தால் அதை முழுவதும் நாடாவால் மூடிவிட வேண்டும். அந்தப் பள்ளங்களில் எபொக்சி இறுகிவிட்டால் எடுக்க வழியில்லை. விரிசல் முடியும் முனையில், இரும்பு பதியும் உட்பக்கத்திலிருந்து, ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீற்றர் துளை ஒன்று இடுங்கள். வெளிப்பக்கத் தோலைத் துளைத்துவிடாதபடி டிரில் அலகில் நாடா சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கூரான முனையில் குவியும் இழுவிசை வட்டமான துளையின் விளிம்பில் பரவிவிடுவதால் விரிசல் மேலும் ஓடாது. பசை உள்ளே இறங்குவதற்கும் அதுவே வழியாகும்.

கட்டையின் அந்தப் பகுதியை ஹெயார் டிரையரால் கைபொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு குழாய்களிலிருந்தும் சம அளவு பசையை எடுத்து, இரண்டு நிமிடமாவது நன்றாகக் கலக்குங்கள். கலவை குறைந்த எபொக்சி ஒருபோதும் முழுமையாக இறுகாது. மெல்லிய மர ஆப்பு ஒன்றை விரிசலின் அகன்ற முனையில் விரலால் மட்டும் அழுத்தி, கோடு மயிரளவு திறக்கச் செய்யுங்கள். சுத்தியலை அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். பசையைக் கோட்டின் மேல் தடவி, மெழுகு நூலை விரிசலுக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுத்துப் பசையை ஆழத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். பசை தடவியபின் மறுபடி டிரையரைக் காட்டினால், சூட்டில் அது தண்ணீர் போல இளகித் தானாகவே உறிஞ்சப்படும். மறுபக்கத்திலோ உள்துளையிலோ பசை எட்டிப் பார்க்கும் வரை ஊட்டிக்கொண்டே இருங்கள். பசை எட்டிப் பார்க்கவில்லையென்றால் உள்ளே காலியிடம் இருக்கிறது.

இனி ஆப்பை எடுத்துவிட்டு, கழுத்தைச் சுற்றி முதலில் பிளாஸ்ரிக் தாள், அதன் மேல் ரப்பர் பட்டி என்று சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பட்டியை இழுத்துப் பிடித்து, முந்திய சுற்றில் பாதி மேலேறும்படி சுற்ற வேண்டும். இரும்புக் கிளாம்ப் நேரான பலகைக்கு நல்லது. உருண்டு ஒடுங்கும் கழுத்தில் அது ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் மரத்தில் பள்ளம் போடும். ரப்பரோ எல்லாப் பக்கமும் ஒரே அளவாக நெரிக்கும். அதே சமயம் வெறிகொண்டு இறுக்கவும் வேண்டாம். பசை முழுவதும் வெளியே பிதுங்கிவிட்டால் மூட்டில் ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

பசை உறையில் எழுதியிருக்கும் மணிக்கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. அது சுமார் 23 பாகை செல்சியஸை மனதில் வைத்து எழுதப்பட்டது. வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் எபொக்சி இறுகும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். நுவரெலியாவில் பகலே 20ஐ ஒட்டித்தான் இருக்கும், ஜனவரி இரவுகள் 10க்கும் கீழே போகும். ஆகவே 24 மணி என்று எழுதியிருந்தால் மூன்று நாள் விடுங்கள். பொறுக்க முடியாதவர் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றில் கட்டையைக் கிடத்தி, 40 வோற் இழை பல்ப் ஒன்றை அட்டையிலும் மரத்திலும் படாதபடி தொங்கவிட்டு, மேலே காற்றுப் போக வழி வைத்து, வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் எரிய விடலாம். அடுப்பருகில் வைப்பது தவறு: ஒரு பக்கம் மட்டும் சூடேறி மரம் கோணும்.

பசை ரப்பர் பதத்தில் இருக்கும்போது, அதாவது நகம் பதியும், ஆனால் விரலில் ஒட்டாது என்ற கட்டத்தில், ஓரங்களில் பிதுங்கியதைக் கூரிய உளியால் சீவி எடுத்துவிடலாம். கல்லாக இறுகிய பின் அதே வேலை நான்கு மடங்கு. இன்னும் இறுகாத பசை கையிலோ மரத்திலோ பட்டால் வினாகிரித் துணியால் துடையுங்கள்.

ஆணி சேர்த்தல்

தலையின் அருகே விழுந்த சிறு விரிசலுக்குப் பசை மட்டும் போதும். கழுத்தின் நடுவே ஓடும் விரிசலுக்குக் குறுக்கே ஒரு கட்டு வேண்டும் என்பது என் கருத்து. இரும்பு பதிந்து மறைக்கும் உட்பள்ளத்திலிருந்து, விரிசலைக் கூடிய வரையில் செங்குத்தாக வெட்டும்படி, மூன்று மில்லிமீற்றர் துளையிடுங்கள். வெளித்தோலுக்கு நான்கு மில்லிமீற்றருக்குக் குறையாத மரம் மிஞ்ச வேண்டும். அதற்குள் எபொக்சி தடவிய புரியிட்ட பித்தளைக் கம்பியை இறக்கலாம். அந்தப் புரிகளில் பசை பல் பல்லாகப் பிடிக்கும். பழைய தச்சு பாஸ்மார் மூங்கில் ஆணியையே விரும்புவார்கள். மூங்கிலும் நன்றாகப் பிடிக்கிறது, பின்னால் உளி படவேண்டி வந்தாலும் முனை மழுங்காது. இரும்பு ஆணியை மட்டும் தவிர்க்க வேண்டும்; நம் ஈரத்தில் அது துருவேறிப் பருத்து, தானே ஒரு புதிய ஆப்பாகிவிடும். ஆணியை இறக்கும்போது துளையின் ஓரத்தில் காற்றுப் போக மெல்லிய கீறல் ஒன்று இருக்கட்டும், இல்லாவிட்டால் அடைபட்ட காற்றும் பசையும் மரத்தைப் பிளக்கும்.

விசையை விலக்குதல்

ஒட்டிய கட்டையைத் திருத்துநரிடம் கொண்டுபோகும் முன், வால் தகடு பதியும் பள்ளத்தின் பின்சுவரை அரை மில்லிமீற்றர் முதல் ஒரு மில்லிமீற்றர் வரை கூரிய உளியால் பின்தள்ளிச் சீவுங்கள். துவக்கு பூட்டியபின் வால் தகட்டின் நுனிக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தடித்த அட்டை போகும் அளவு வெளி தெரிய வேண்டும். இதைக் கண்டு சிலர் முகம் சுளிப்பார்கள், பொருத்தம் சரியில்லை என்பார்கள். அந்த வெளிதான் கட்டையைக் காப்பாற்றுகிறது.

தலையின் முகம் இரும்பை முழுவதும் தாங்குகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு பழைய வழி உண்டு. குப்பி விளக்கின் கரியை ஒரு துளி எண்ணெயில் குழைத்து, மரத்தில் படும் இரும்பு முகத்தில் மெல்லியதாகத் தடவி, பூட்டிக் கழற்றினால், தொட்ட இடங்களில் மட்டும் மரத்தில் கரி படியும். இதைத் திருத்துநர் தம் மேசையில் செய்யும்போது நீங்கள் அருகில் நின்று பாருங்கள். கரி இரண்டு புள்ளிகளில் மட்டும் விழுந்தால் உதை முழுவதும் அந்தப் புள்ளிகளில் இறங்குகிறது என்று அர்த்தம். உயர்ந்த புள்ளிகளைச் சுரண்டி, மறுபடி பூட்டிப் பார்த்து, கரி முகம் முழுவதும் பரவும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். தலை மிகவும் தேய்ந்திருந்தால், இரும்பு முகத்தில் நிறமற்ற மெழுகைத் தடவிவிட்டு மரத்தில் மெல்லிய எபொக்சிப் படலம் ஒன்றை வைத்து அழுத்தி, இறுகியபின் பிரித்தெடுக்கும் முறையும் உண்டு. மெழுகு ஓர் இடத்தில் விட்டுப்போனால் இரும்பும் மரமும் ஒன்றாகிவிடும் என்பதால், முதன்முறை செய்பவருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

மேற்பரப்பு

180 இல் தொடங்கி 320 வரை, எப்போதும் நாரோட்டத்தின் வழியே தேயுங்கள். இரும்போடு சமமாக வந்து சேரும் ஓரங்களைத் தேய்க்காதீர்கள். மரம் இரும்பை விடத் தாழ்ந்துவிட்டால் அந்த அசிங்கத்தை மறைக்க முடியாது. பின்னர் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலரவிட்டால் நார்கள் பூனைமுடி போல எழும்பும். அவற்றை 320 ஆல் மென்மையாகத் தடவி எடுங்கள்.

பூச்சுக்கு லின்சீட் ஒயில் போதுமானது. கடையில் கொதித்த வகையைக் கேட்டு வாங்குங்கள், பச்சை வகை வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். ஒரு கரண்டியின் அடியில் நிற்கும் அளவு எண்ணெயை உள்ளங்கையில் எடுத்து, கை சூடாகும் வரை தேய்த்துப் பூசி, கால் மணி நேரத்தில் மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். ஒரு பூச்சுக்கும் மறு பூச்சுக்கும் இடையே வறண்ட காலத்தில் ஒரு நாளும் மழைக்காலத்தில் மூன்று நாளும் விட வேண்டும். ஆறு, ஏழு பூச்சில் மரம் போதும் என்று சொல்லும். தலையின் உட்புறத்தையும் அடியின் முகத்தையும் மறக்காதீர்கள், ஈரம் நுழையும் வாசல்கள் அவைதாம். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். தண்ணீரில் அமிழ்த்துங்கள், அல்லது வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.

பூட்டி வாங்கிய பிறகு

திருத்துநர் பூட்டிப் பரிசோதித்துச் சரியென்று சொன்ன பிறகே துவக்கைப் பயன்படுத்த வேண்டும். குழலும் பூட்டும் பாதுகாப்பானவையா என்பது அவர் சொல்ல வேண்டியது. மரத்தைப் பற்றி மட்டுமே நமக்குப் பேச்சு. முதல் சில தோட்டாக்களுக்குப் பின் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று அவரிடமே காட்டுங்கள். இரும்புக்கு எண்ணெய் விட்டால் ஒரு சொட்டு போதும், அதன் பின் ஓரிரு நாள் குழலின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டிய பெட்டிக்குள் நிறுத்தி வையுங்கள். அடியில் ஒரு பழந்துணி கிடந்தால் மிஞ்சிய எண்ணெய் கட்டைக்குப் போகாமல் அதில் வடியும்.

விரிசலின் முனையில் நீங்கள் முன்பு இட்ட பென்சில் அடையாளம் தேய்ப்பில் அழிந்திருக்கும். பூட்டக் கொடுக்கும் முன்பே அதே இடத்தை இரும்பு மறைக்கும் உட்பள்ளத்தில் மறுபடி குறித்து, திகதியையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் கடந்தபின் கட்டையைக் கழற்றுவித்து, ஸ்பிரிட் துணியால் அந்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள். ஈரக் கோடு அடையாளத்தைத் தாண்டியிருந்தால் பசையைக் குறை சொல்லாமல் குப்பி விளக்குக் கரியை மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள்; இரும்பு எங்கோ இன்னும் முட்டிக்கொண்டிருக்கிறது.